நஞ்சராயன் குளத்துச் செய்தி

பறவை பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் நம்மவரில் பலர் புன்னகை பூப்பர். பிழைப்புக்காக ஓடுகின்றவனுக்குப் பறவை எதற்கு என்பதே அப்புன்னகையின் பொருள். இரவைப் பகலாக்கிப் பனியன் தைக்கும் திருப்பூரில் இவ்வாறு சொன்னால், கேட்பவர் நம்மை மேலும் கீழும் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். ஆர்டர் எப்போது முடியும், கப்பல் எந்தத் தேதியில் புறப்படும், நூல் விலை எங்கே போய் நிற்கும் என்னும் கவலைகளுக்கு நடுவே கொக்குக்கும் நாரைக்கும் இடம் ஏது? "அது வேலையற்றவர் செய்யும் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவர்.

நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவர்களே. அந்த எண்ணம் மாறியது திருப்பூரை அடுத்த ஒரு குளக்கரையில். அக்குளத்தின் கதையையும், அங்கே வந்து தங்கும் பறவைகளின் கதையையும், அவற்றைப் பார்த்து எண்ணிக் குறித்து வைத்த மனிதர்களின் கதையையும் நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செப்பனிட்டவர் பெயர்

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி செல்லும் சாலையில், நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், கூலிபாளையத்தை அடுத்துப் பரந்து கிடப்பது நஞ்சராயன் குளம். ஆழம் குறைந்த, அகன்ற நீர்நிலை அது. பரப்பு 125.865 ஹெக்டேர், அதாவது 300 ஏக்கருக்கும் மேல். நல்லாறு என்னும் ஓடை மழைக்காலத்தில் கொண்டு வரும் வெள்ளமே இதற்கு உயிர். வானம் பொய்த்தால் குளம் சுருங்கும்; வானம் வழங்கினால் கடல்போல் விரியும். சுற்றிலுமுள்ள வயல்களுக்கும் கிணறுகளுக்கும் இதுவே ஆதாரம்.

குளத்தின் பெயரிலேயே ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் என்னும் அரசர் இக்குளத்தைப் புதுப்பித்துச் செப்பனிட்டார். அதனால் அவர் பெயர் இதற்கு வாய்த்தது. முதன்முதலில் கரை எழுப்பியவர் பெயரை மக்கள் மறந்துவிட்டனர். உடைந்ததைக் கட்டி, தூர்ந்ததைத் தோண்டியவர் பெயரையே நினைவில் வைத்துக்கொண்டனர். புதிதாக ஒன்றைத் தொடங்குவோர்க்கு விழா எடுப்பது உலக வழக்கம். இருப்பதைக் காப்போரை யாரும் கண்டுகொள்வதில்லை. இக்குளம் அந்த வழக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு.

சுபுஹுக்குப் பின் ஒரு நடை

கார்த்திகை பிறந்தது முதல் மாசி வரையிலுமே இக்குளத்துக்குச் செல்ல ஏற்ற காலம். சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டுப் புறப்பட்டால், கிழக்கு வெளுக்கும் வேளையில் கரையை அடைந்துவிடலாம். பளிச்சென்ற உடை வேண்டா. மண்ணின் நிறத்தை ஒத்த உடையே நல்லது. கதிரவன் நமது முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நின்றுகொண்டால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். ஒரு பைனாகுலரும், ஒரு சிறு குறிப்பேடும், ஒரு பென்சிலும் போதும். இவை எல்லாவற்றையும்விட முதன்மையாக வேண்டியது மௌனம்.

முதலில் கண்ணில் படுவன நாமக்கோழிகள். கரிய உடலும் நெற்றியில் வெள்ளை நாமமுமாகக் கூட்டங் கூட்டமாக நீரில் மிதக்கும். நாணல் ஓரத்தில் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்துடன் தாழைக்கோழிகள் நீண்ட விரல்களை எடுத்து வைத்து நடக்கும். புள்ளிமூக்கு வாத்துகள் இணை இணையாகச் செல்லும். பட்டுப்போன மரக்கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். கரைமேட்டில் பச்சைப் பஞ்சுருட்டான் ஒன்று கம்பியிலிருந்து எழுந்து, பூச்சியைக் கவ்விக்கொண்டு மீண்டும் அதே இடத்தில் வந்தமரும். செம்போத்தின் குரல் புதருக்குள்ளிருந்து கேட்கும். இவையெல்லாம் நம் ஊர்க் குடிகள்.

குளிர்காலத்தில் விருந்தாளிகள் வருவர். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி முதலிய வாத்தினங்கள் வட ஆசியாவின் உறைபனிக்குத் தப்பித் தெற்கே இறங்குகின்றன. அவற்றுள் நம்மை மிகவும் வியக்க வைப்பது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தீட்டினாற்போல் இருக்கும். திபெத்திலும் மங்கோலியாவிலும் லடாக்கிலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, இமயத்தைக் கடந்து நம் தென்னாட்டு ஏரிகளுக்கு வருகிறது. மனிதன் மூச்சுத் திணறும் உயரத்தில் அது சிறகடித்துப் பறப்பது எவ்வாறு என்று அறிவியலார் ஆராய்ந்தனர். அதன் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், சமவெளி வாத்துகளினதைக் காட்டிலும் உயிர்க்காற்றை எளிதில் பற்றிக்கொள்ளும் தன்மையது என்று கண்டனர். மெலிந்த காற்றிலும் மூச்சுக்கு வழி செய்து அதைப் படைத்த இறைவனின் திறத்தை என்னென்பது!

கடவுச்சீட்டும் இல்லாமல் சுங்கச் சாவடியும் இல்லாமல் வந்திறங்கும் இவ்விருந்தாளிகளுக்கு நம்மிடம் இருக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். அது நீர்.

நம் முன்னோரும் பறவைகளும்

பறவை பார்ப்பது வெள்ளைக்காரர் கொண்டு வந்த பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். அது சரியன்று. நம் தமிழ்ப் புலவர்கள் நாரையைத் தூது விட்டபோது, அது எத்திசையிலிருந்து வந்து எத்திசைக்குத் திரும்பும், அதன் அலகு எப்படியிருக்கும், கால் என்ன நிறம் என்பனவற்றை நன்கு கவனித்த பின்னரே பாடினர். எகிப்தில் வாழ்ந்து 1405இல் மறைந்த அத்தமீரீ என்னும் அறிஞர், 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெருநூலில் விலங்குகளையும் பறவைகளையும் அகர வரிசையில் தொகுத்து வைத்தார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் சாரஸ் கொக்கு இணை ஒன்றை நெடுநாள் கவனித்து, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்ததைப் பதிவு செய்தார். அவருடைய அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டிய சைபீரியக் கொக்கின் ஓவியத்தைப் பறவை நூலார் இன்றும் ஆதாரமாகக் காட்டுகின்றனர்.

முகலாய மன்னர்களை இயற்கை ஆராய்ச்சியாளர்களாகக் கண்டு, அது பற்றி 1920களின் பிற்பகுதியில் கட்டுரைத் தொடர் எழுதியவர் ஓர் இளைஞர். அவர்தாம் பின்னாளில் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்பட்ட டாக்டர் சலீம் அலி.

சலீம் அலி 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தைய்யப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறம்! வீட்டுக் குருவிக்கு அப்படி இராதே. இது உண்ணத் தகுந்ததுதானா என்ற ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமனிடம் கொண்டு போனார். மாமனுக்கும் அது எந்தப் பறவையென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லர்ட் என்னும் ஆங்கிலேயரிடம் அனுப்பினார். அவர் சிறுவனை அன்போடு வரவேற்று, பாடம் செய்து அடுக்கி வைக்கப்பட்டிருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். ஹலாலா என்று கேட்கப் போன சிறுவன், ஒரு வாழ்நாளுக்குப் போதுமான கேள்விகளோடு வீடு திரும்பினான்.

பின்னர் வந்த ஆண்டுகள் எளியனவாக இல்லை. பர்மாவில் தமையனாரோடு சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார், தொழில் சிறக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகப் பணியாற்றினார். விடுப்பெடுத்து ஜெர்மனி சென்று பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெசமானிடம் பயின்று 1930இல் திரும்பியபோது அந்தப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வருவாய் இல்லை. துணைவியார் தஹ்மினாவுடன் பம்பாய்க்கு அப்பாலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வீட்டருகில் இருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஏணி ஒன்றைச் சார்த்தி, மறைவாக அமர்ந்து, நாள் முழுதும் அவற்றைக் கவனித்தார்.

ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி வைக்கும். பெண் குருவி வந்து கூட்டைப் பார்வையிடும். பிடித்தால் அதில் குடியேறும். பிடிக்காவிட்டால் அக்கூடு அப்படியே கைவிடப்படும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைப் பின்னத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்கும். தூக்கணாங்குருவியின் இல்லற முறையை இவ்வாறு முதன்முதலில் தெளிவாக விளக்கிய ஆராய்ச்சி அதுவே. 'வேலையற்றவர் செய்யும் வேலை' என்ற பழிச்சொல் அன்று சலீம் அலிக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். அந்த வேலையற்ற மாதங்களே அவரை உலகறிந்த ஆராய்ச்சியாளர் வரிசையில் சேர்த்தன.

1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பள்ளி மாணவனும் படித்துப் பறவையை அடையாளம் காணும் எளிமை வாய்ந்தது. அமெரிக்கரான டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரை வெளியிட்ட கையேடு 10 தொகுதிகளைக் கொண்டது. 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987இல் தமது 90ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டி மலையடிவாரத்தில் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. கொங்கு நாட்டு மக்கள் பெருமிதத்தோடு நினைக்க வேண்டிய உறவு இது.

நஞ்சராயன் குளக்கரையிலும் தூக்கணாங்குருவி உண்டு. பனியன் நகரத்தின் விளிம்பில், தறியுமின்றி ஊசியுமின்றி அது பின்னும் கூட்டைக் காணும்போதெல்லாம் கிஹிமில் ஏணி மீது அமர்ந்திருந்த அம்மனிதரை நினைத்துக்கொள்வோம்.

ஆற்றின் முறையீடு

இனி, பறவைகளிடமிருந்து மனிதர்களிடம் வருவோம். திருப்பூரின் பனியன் தொழிலுக்கும் நம் சமுதாயத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. 1925இல் குலாம் காதர் என்பவர் இங்கே முதல் பின்னலாடை ஆலையைத் தொடங்கியதாகத் தொழில் வரலாறு கூறுகிறது. கையால் சுற்றிய இயந்திரங்களிலிருந்து தொடங்கிய தொழில், 1970களின் இறுதியில் ஐரோப்பியச் சந்தையை எட்டியது. அதன் பின் அதன் வளர்ச்சி வியக்கத்தக்கது. இராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும், பின்னர் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்க்கெல்லாம் இவ்வூர் சோறு போட்டது. நம் வாசகர் குடும்பங்களிலும் கட்டிங் மேசையிலோ தையல் இயந்திரத்திலோ செக்கிங்கிலோ பிழைத்தவர் ஒருவரேனும் இருப்பர். ஆகவே தொழிலைப் பழிப்பது நமது நோக்கமன்று.

ஆயினும், மறைக்க இயலாத மறுபக்கம் ஒன்று உண்டு. பின்னிய துணியை வெளுக்க வேண்டும். வெளுத்ததற்குச் சாயம் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் ஏராளமான நீர் தேவை. பருத்தியில் சாயம் நன்கு பிடிப்பதற்காகத் தொட்டியில் உப்பை அள்ளிப் போடுவர். சாயத்தில் ஒரு பகுதி துணியில் ஏறும். உப்பு முழுவதும் நீரோடு வெளியேறும். நிறத்தையாவது கண்ணால் காணலாம். உப்பைக் கண்ணால் காண முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல் ஆறு இந்நீரையெல்லாம் சுமந்தது.

பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. அணையில் நீர் நிறைய வேண்டும் என்று வேண்டுவது உழவர் இயல்பு. அங்கேயோ, நீரைத் தேக்காதீர் என்று உழவர்களே முறையிட்டனர். கிணற்று நீர் உப்பாயிற்று, நிலம் வெளிறியது, ஆடு மாடுகளும் நீரில் வாய் வைக்கத் தயங்கின. நொய்யல் பாசன உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2009இல் உச்சநீதிமன்றம், கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. அதன் பின்னரும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. வேலையிழந்த தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு இரயில் நிலையத்தில் காத்துக் கிடந்த காட்சியை இவ்வூர் மறக்கவில்லை.

கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறாதவாறு, சவ்வுகளின் வழியே வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் பட்டறைக்கே திருப்பும் முறை அதன் பின்னரே இங்கு வேரூன்றியது. பெருஞ்செலவு பிடிக்கும் முறை அது. அதைச் செய்துகொண்டே தொழில் நடத்தலாம் என்பதையும் திருப்பூர் உலகுக்குக் காட்டியிருக்கிறது. ஆயின், அந்த அறிவு வருவதற்குள் ஒரு தலைமுறை உழவர்கள் நிலத்தை இழந்துவிட்டனர். ஆறு பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த செய்தியைக் கேட்க ஆளில்லாமற் போனதே அதற்குக் காரணம்.

எண்ணிக்கை என்னும் சாட்சியம்

அந்த ஆண்டுகளில், ஊருக்கு வெளியே, நஞ்சராயன் குளக்கரையில் சிலர் காலை வேளைகளில் நடந்துகொண்டிருந்தனர். திருப்பூர் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்த ஆர்வலர்கள் அவர்கள். விடுமுறை நாளில் பிறர் உறங்கும்போது எழுந்து வந்து, என்ன பறவை, எத்தனை, எந்தப் பக்கம், நீர்மட்டம் எவ்வளவு என்று எழுதி வைத்தனர். ஒரு நாளைய குறிப்பு அற்பமானது. பத்தாண்டுக் குறிப்பு அவ்வாறன்று; அது ஆவணம்.

எண்ணும் முறை கடினமன்று. கூட்டமாக அமர்ந்திருக்கும் பறவைகளில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அதே அளவால் மொத்தக் கூட்டத்தையும் கணக்கிட வேண்டும். பழகினால் பிள்ளைகளே பெரியவர்களைவிடச் சரியாகச் சொல்லிவிடுவர். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் நாட்களில் தத்தம் ஊரில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். வீட்டு மாடியில் கால் மணி நேரம் நின்று கவனித்தாலும் அதில் பங்குபெறலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பறவை மிகுந்திருப்பதாலேயே நீர் தூயது என்று முடிவு கட்டிவிடலாகாது. நல்லாற்றின் வழியே மழைநீரோடு ஊரின் சாக்கடையும் குளத்தில் வந்து சேர்கிறது. சாக்கடை கலந்த நீரில் புழுவும் பூச்சியும் பெருகும். அவற்றைத் தின்னும் நெடுங்கால் உள்ளான் போன்ற பறவைகளும் பெருகும். அதே வேளையில், தெளிந்த நீரையும் நீர்க்கொடிகளையும் நம்பிய பறவைகள் சத்தமின்றி விலகிவிடும். ஆகையால் எத்தனை பறவை என்பதைவிட, எத்தனை வகைப் பறவை, எது வந்தது, எது வராமற்போயிற்று என்ற கணக்கே உண்மையைச் சொல்லும். அந்தக் கணக்கு, பொறுமையோடு ஆண்டுக்கணக்கில் நடந்தவர்களிடம் மட்டுமே இருக்கும்.

அத்தகைய பதிவுகளின் பயனாக இக்குளத்தில் 191 வகைப் பறவைகளும், 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும், 21 வகை ஊர்வனவும், 77 வகைத் தாவரங்களும் இருப்பது ஏடேறியது. 2022இல் தமிழக அரசு இதைத் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சர் தலங்களின் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வெளியாயிற்று. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2ஆம் நாள் அங்கே கூடிய நாடுகள், உலகின் சதுப்பு நிலங்களையும் ஏரிகளையும் காப்பதற்கு உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1982இல் அதில் இணைந்தது. நஞ்சராயன் குளம் சேர்ந்தபோது இந்தியாவில் அத்தகைய தலங்கள் 85. பீரங்கியும் எண்ணெயும் பற்றியே நாம் கேள்விப்படும் ஒரு நாட்டின் சிற்றூர்ப் பெயர், கொங்கு நாட்டுக் குளம் ஒன்றுக்குக் காப்பாக வந்து நின்றது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அறிவிப்புப் பலகை காக்குமா?

சரணாலயம் என்று பலகை நட்டுவிட்டால் பறவை பிழைத்துவிடாது. நம் நாட்டின் பழைய அனுபவம் இதற்குச் சான்று. செங்கல்பட்டு வேடந்தாங்கலில் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர். பறவையின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் லயனல் பிளேஸ் என்னும் ஆட்சியரிடமிருந்து பாதுகாப்பு ஆணையைப் பெற்றனர். ஆணை பிறப்பித்தவர் ஆட்சியர். கேட்டுப் பெற்றவர்கள் உழவர்கள். திருப்பூருக்கு அருகிலேயே, ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டில், பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகச் சுற்றுக் கிராமத்தினர் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர். இவர்களில் எவரும் பறவையியல் படித்தவரல்லர். அண்டை வீட்டார்க்கு உரிய மரியாதையைப் பறவைக்கும் அளித்தனர், அவ்வளவே.

நஞ்சராயன் குளத்துக்கும் அத்தகைய அண்டை வீட்டார் வேண்டும். சாக்கடையைச் சுத்திகரித்த பின்னரே ஓடையில் விட வேண்டும். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்லாற்றின் பாதையில் குப்பையும் கட்டடக் கழிவும் கொட்டப்படுவதைத் தடுக்க வேண்டும். இவை அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை. நாம் செய்யக்கூடியவையும் உள்ளன. பண்டிகை விடுமுறையில் பிள்ளைகளைத் திரையரங்குக்கு அழைத்துச் செல்வதுபோல் ஒரு காலையில் குளக்கரைக்கு அழைத்துச் செல்லலாம். பத்துப் பறவைகளின் தமிழ்ப் பெயரை அவர்களுக்குச் சொல்லித் தரலாம். போன இடத்தில் பொட்டலமும் பாட்டிலும் எறியாமல் திரும்பலாம். பனியன் தொழில் நடத்துவோர், தம் பட்டறையின் நீர் எங்கே போகிறது என்பதைத் தாமே ஒருமுறை நடந்து சென்று பார்க்கலாம். கூட்டிலிருந்து குஞ்சுகள் எடுக்கப்பட்டதால் தவித்துச் சிறகடித்த தாய்ப்பறவையைக் கண்டு, அதன் குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு கட்டளையிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி வந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று.

ஹுத்ஹுத் சொன்னது

குளக்கரை நடையின் முடிவில், மேட்டுப் புல்வெளியில் ஒரு கொண்டலாத்தியைக் கண்டோம். விசிறிபோன்ற கொண்டையை விரித்து மடக்கி, நீண்ட அலகால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. அரபியர் அதை ஹுத்ஹுத் என்பர். சுலைமான் நபி (அலை) அவர்களின் அவையில் ஒருநாள் காணாமற்போய், பின் சபா நாட்டுச் செய்தியோடு திரும்பிய பறவை இதுவே. அவ்வரலாற்றைத் திருமறையில் ஓதும்போதெல்லாம் பறவையின் அறிவை வியப்போம். அரசரின் பண்பையும் அவ்வாறே வியக்க வேண்டும். படையும் செல்வமும் வாய்த்த பேரரசர், ஒரு சிறு பறவை கொண்டு வந்த செய்திக்குச் செவி கொடுத்தார். கேட்டதோடு நில்லாமல், அது மெய்தானா என்று ஆராய்ந்தறியவும் முற்பட்டார்.

குறிப்பேட்டோடு கரையில் நடப்போர் செய்வதும் இவ்விரண்டையுமே. பறவை சொல்வதைக் கேட்கின்றனர்; எண்ணிச் சரிபார்க்கின்றனர். ஒரத்துப்பாளையத்தில் நாம் செவி கொடுக்கத் தவறினோம். அதன் விலையை உழவர் முதலிலும் தொழிலாளி பின்னரும் கொடுத்தனர். நஞ்சராயன் குளத்தில் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் நம் ஊர் நீரைப் பற்றித் தன் தீர்ப்பை அளித்துவிட்டுச் செல்கிறது. அது ஓர் ஆண்டு வராமற்போனால், வரவில்லை என்று சொல்வதற்காவது கரையில் ஒருவர் நின்றிருக்க வேண்டும்.